கால் காசு யாருடையது?

“கவர்மெண்டு வேலைய எவளாச்சும் உடுவாளா?”

எங்கள் நாமக்கல் பக்கத்தில் இது கேள்வியாகக் கேட்கப்படுவதில்லை. தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. தமிழ் படித்துவிட்ட பாவத்துக்கு எனக்கு விகுதிதான் முதலில் கண்ணில் படும். அரசு வேலையை விட்ட ஆணைப் பற்றி இதே வாய் பேசும்போது, “உட்டுப்போட்டு சொந்தமாத் தொழில் பண்றாருங்க” என்கிறது. அவருக்கு ‘ஆர்’ விகுதி வந்துவிடுகிறது. அவள் ‘எவளாச்சும்’ ஆகிவிடுகிறாள்.

இந்த மாவட்டம் அரசு வேலையை நம்பி வளர்ந்த மாவட்டம் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1997இல் சேலத்திலிருந்து பிரிவதற்கு முன்பே இது லாரிக்கும் கோழிக்கும் பேர்போன ஊர். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் வடமாநிலங்களுக்குப் போய்த் தரையைத் துளைக்கின்றன. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. நிலத்தை அடமானம் வைத்து ரிக் வாங்குகிறார்கள். தண்ணீர் வராவிட்டால், வசூல் நின்றுவிட்டால், அடமானம் மூழ்கும். தீவன விலை ஏறி முட்டை விலை இறங்கினால் ஒரே பருவத்தில் பண்ணை காலியாகும். பறவைக் காய்ச்சல் என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் முட்டை தேங்கும். இத்தனையும் தெரிந்தே இறங்குகிற ஆணுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் ‘துணிச்சல்காரர்’. தோற்று நிற்பவரைக்கூட “பெரிய கையாட்டம் ஆடுனவரு” என்று சொல்வார்கள். கடன் வாங்கித் தொழில் செய்வதைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாகக் கும்பிடுகிற ஒரு நிலப்பரப்பு, தன் பெண்களுக்கு மட்டும் ‘அரசு வேலை தெய்வம், அதை விடுவது பாவம்’ என்று ஓதிக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று கேட்போம்.

கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்தவர்களும் பகுதி ஒன்று தமிழுக்கு என் வகுப்புக்குத்தான் வரவேண்டும். அப்படி வந்த மாணவி ஒருத்தி பிறகு போட்டித் தேர்வு எழுதி மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணினிப் பிரிவில் சேர்ந்தாள். ஒன்பது வருடம் ஆயிற்று. சேர்ந்த புதிதில் நிரல் எழுதுவாள். பிறகு எல்லாம் ஒப்பந்தப் புள்ளிக்குப் போய்விட்டது. மென்பொருளை எழுதுவது ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வருகிற பையன்கள். அவர்கள் கொடுத்ததைச் சரிபார்த்து, கோளாறுக்குப் புகார் எண் போட்டு, பில்லில் கையெழுத்து வைப்பது இவள் வேலை. “மேடம், நான் படிச்சது எல்லாம் துருப்பிடிக்குது” என்றாள். கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டில் சொன்னாள்.

கூட்டம் கூடிவிட்டது. மாமியார், “ஏங்கண்ணு, அப்பறம் பையன ஆரு பாக்கறது?” என்றார். அப்பா, “ஊருக்குள்ள என்னன்னு சொல்றது சாமி?” என்றார். கொழுந்தனாருக்கு வேறு கவலை. அவர் எடுக்கப்போகிற சீட்டுக்கு இவள்தான் ஜாமீன். கணவர் மட்டும் “உன் இஷ்டம்” என்றார். எங்கள் ஊரில் “உன் இஷ்டம்” என்றால் என்ன பொருள் என்று திருமணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் நடந்த அந்தப் பேச்சில், புதிய இடத்தில் என்ன வேலை செய்யப்போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம்.

கேட்கமாட்டார்கள். அவள் செய்கிற வேலையோடு அவர்களுக்கு உறவு இல்லை. அந்த வேலையிலிருந்து வருகிற பொருள்களோடுதான் உறவு. சம்பளச் சான்றிதழைக் கொடுத்தால் வங்கி வீட்டுக்கடன் தரும். சீட்டுக் கம்பெனிக்காரர் பணம் கொடுக்குமுன் ‘அரசு ஊழியர் ஜாமீன் இருக்கா?’ என்று கேட்பார். இருக்கிறது, மருமகள் இருக்கிறாள். மத்திய அரசின் மருத்துவத் திட்டத்தில் பெண் ஊழியர் தன் பெற்றோரையோ கணவரின் பெற்றோரையோ ஏதாவது ஒரு தரப்பைத் தன்னைச் சார்ந்தவர்களாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று விதி உண்டு. நல்ல விதி. அந்தப் படிவத்தில் எந்தப் பெயர்களை எழுதுவது என்று எத்தனை வீடுகளில் அவள் முடிவு செய்திருக்கிறாள் என்பதை உங்கள் அக்கா, சித்தி, அத்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினால் ஏழு மணிக்குத் தோசைக்கல் காயும். இத்தனை பேருக்கு இத்தனை வகையில் பயன்படும் ஒன்றை அவள் தனியாக முடிவெடுத்து விட்டுவிடலாமா? கூட்டுச் சொத்தை ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றால் எப்படிக் கோபம் வருமோ அப்படித்தான் கோபம் வருகிறது.

பெண் பார்க்க வரும்போதே இந்தச் சொத்து மதிப்பிடப்பட்டுவிடுகிறது. ‘பொண்ணு கவர்மெண்டுங்க’ என்றால் பவுன் கொஞ்சம் குறைத்துக் கேட்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பெற்றோரை எனக்குத் தெரியும். மாதாமாதம் தவணையில் வருகிற வரதட்சணை அது என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. ஓய்வு வயது வரைக்கும் தவணை.

குறுந்தொகையின் 135ஆம் பாட்டு வேலையை ஆணின் உயிராகவும், வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஆணையே உயிராகவும் பங்கு பிரித்தது. வகுப்பில் அதை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள், பழைய காலம் என்று. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்ற பழமொழிக்கும் சிரிப்பார்கள். சிரிக்காமல் ஏற்றுக்கொள்வது ‘கால் காசு உத்தியோகமானாலும் கவர்மெண்டு உத்தியோகம்’ என்பதை. முதல் இரண்டும் பெண்ணை வேலைக்கு வெளியே நிறுத்தின. மூன்றாவது வேலைக்குள் விட்டு, கதவை வெளியிலிருந்து சாத்துகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு அரசு வேலை வேண்டும் என்று நம்மவர்கள் போராடிப் பெற்றதை நான் குறைத்துப் பேசவில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சொத்துரிமையும் வேலையும் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாட்டு அரசு வேலைகளில் 30 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2021இல் அதை 40 விழுக்காடாக்குவதாக அறிவித்தார்கள். தாலுகா அலுவலகத்திலும் கருவூலத்திலும் இன்று பெண்கள் நிறைந்திருப்பதற்கு அது காரணம். என் தலைமுறையில் பலர் அடி வாங்காமல் சாப்பிடுகிறார்கள் என்றால், மாதச் சம்பளம் அவர்கள் பெயரில் வருகிறது என்பதும் ஒரு காரணம்.

ஆனால் அரசு பெண்களுக்குத் தாய்வீடு என்று சொல்லும்போது எனக்குச் சில பழைய காகிதங்கள் நினைவுக்கு வருகின்றன. இந்திய ஆட்சிப் பணிக்கு 1951இல் தேர்வான அன்னா ராஜம் மல்ஹோத்ரா சென்னை மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தார். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று அவருடைய நியமன உத்தரவில் எழுதியிருந்தது. அவர் ஓசூரில் சப் கலெக்டராக இருந்தவர். அன்றைக்கு ஓசூர், நாமக்கல்லைப் போலவே, சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்த விதி சில ஆண்டுகளில் போனது. வெளியுறவுப் பணியில் போகவில்லை. பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்பது விதி. 1949இல் அந்தப் பணிக்குள் நுழைந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா, தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். அரசு வேலை பெண்ணுக்குப் பாதுகாப்பு என்கிறோமே, அந்தப் பாதுகாப்பை அரசிடமிருந்து ஒவ்வொரு விதியாகப் பிடுங்கியவர்கள் வேலைக்குள் இருந்த பெண்கள்.

‘நிரந்தரம்’ என்பதையும் பார்த்துவிடுவோம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தமிழ்நாட்டில் சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள் என்பது வேறு. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அதே 2003 ஏப்ரலுக்குப் பிறகு மாநில அரசில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நின்றது. 2004 ஜனவரியிலிருந்து மத்திய அரசிலும் அப்படியே. மருமகளின் பென்ஷன் என்று கணக்குப் போட்ட வீடுகள் இந்தத் தேதிகளைக் கவனிக்கவே இல்லை.

இனி என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். அரசின் தொழில்நுட்ப வேலையை விட்டுத் தனியாருக்குப் போன மிகப் பெரிய கூட்டம் எது தெரியுமா? அரசேதான்.

தொலைபேசித் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களும் தொழில்நுட்பமும் அரசும் ஒன்றாகச் சந்தித்த அறை தொலைபேசி நிலையம். 1878இல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் மரியாதையில்லாமல் பேசினார்களாம். அதிலிருந்து உலகமெங்கும் ஆபரேட்டர் என்றால் பெண். இங்கேயும் காதில் மாட்டிய கருவியோடு, பலகையில் வயரைச் செருகி எடுத்து, டிரங்க் கால் போட்டுக் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். சாவுச் செய்தியும் பேறுகாலச் செய்தியும் முட்டை விலையும் அவர்கள் விரல் வழியாகப் போயின. தானியங்கி இணைப்பகங்கள் வந்ததும் அந்தப் பெண்கள் கணக்குப் பிரிவுக்கும் வாடிக்கையாளர் மையத்துக்கும் புகார் மேசைக்கும் மாற்றப்பட்டார்கள். கணினி கற்றுக்கொண்டார்கள். துறை மாறியது, அவர்களும் மாறினார்கள்.

2000 அக்டோபர் 1 அன்று அந்தத் துறை பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனம் ஆயிற்று. முதல் நாள் அரசு ஊழியராகத் தூங்கியவர் மறுநாள் நிறுவன ஊழியராக எழுந்தார். செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்துதான் ஓய்வூதியத்துக்கு உத்தரவாதம் வாங்கினார்கள். அதன்பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த அரசு ஓய்வூதியம் கிடையாது. ஒரே அறையில் இரண்டு மேசை, ஒரே வேலை, இரண்டு முதுமை. பிறகு தனியார் நிறுவனங்கள் நான்காம் தலைமுறை அலைக்கற்றையில் ஓடிக்கொண்டிருந்தபோது இவர்களுக்கு அது ஒதுக்கப்படவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2019 பிப்ரவரிச் சம்பளம் முதன்முறையாகத் தாமதமானது. நிரந்தர ஊழியருக்கே இந்தக் கதி என்றால், கூட்டிப் பெருக்கிய, கேபிள் இழுத்த, காவல் காத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் கிடந்தார்கள்.

2019 நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விருப்ப ஓய்வுத் திட்டம் திறந்திருந்தது. 50 வயது ஆனவர்கள் எழுதிக் கொடுக்கலாம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம். 78,000 பேருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே மாலையில் வெளியே வந்தார்கள். நிறுவனத்தில் ஏறக்குறைய பாதிப் பேர். டெல்லி, மும்பையின் எம்.டி.என்.எல்.லில் இன்னும் 14,000 பேர். அவர்கள் பார்த்த பராமரிப்பு வேலையில் பெரும் பகுதி அதன்பின் தனியார் ஒப்பந்தத்துக்குப் போயிற்று. 2019இல் வாக்களித்த நான்காம் தலைமுறைச் சேவை நாடு முழுவதும் தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பரில். அதன் தொழில்நுட்பத்தைக் கட்டிக் கொடுத்த கூட்டணிக்குத் தலைமை டி.சி.எஸ்., ஒரு தனியார் நிறுவனம்.

இந்தக் கதையில் அரசைப் பார்த்து யாராவது “எவளாச்சும் உடுவாளா?” என்று கேட்டார்களா? ‘மறுசீரமைப்பு’ என்றார்கள். ‘புத்துயிர்த் திட்டம்’ என்றார்கள். அரசு தன் தொழில்நுட்ப வேலையைத் தனியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அது சீர்திருத்தம். அந்த வேலையில் இருந்த பெண் தன்னைத் தனியாரிடம் கொண்டுபோனால் அது திமிர். என் மாணவியின் கதையும் இதுதான். அவளுடைய வேலை அவளுக்கு முன்பே அரசை விட்டுப் போய்விட்டது. நாற்காலி மட்டும் இங்கே இருந்தது. அந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்திருப்பதற்குத்தான் அந்த இரண்டு மணி நேரக் கூட்டம்.

விருப்ப ஓய்வில் வந்த பெண்களில் எனக்குப் பழக்கமான மூவர் இருக்கிறார்கள். பணம் வந்த வேகத்தில் போனதையும் பார்த்தேன். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு மகனின் தொழில், ஒருவருக்குப் பாதிக் கட்டிய வீடு. “இனி வீட்டுல சும்மாதான இருக்கறீங்க” என்று பேரக்குழந்தை மடியில் வந்தது. முப்பது வருடம் நெட்வொர்க் பார்த்தவர்கள் அவர்கள். ஆண் சகாக்களில் சிலர் தனியார் இணைய நிறுவனங்களுக்கு ஆலோசகராகப் போனார்கள். இவர்களை எந்த நிறுவனமும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வீடு விட்டிருக்காது. விருப்ப ஓய்வு என்ற சொல்லில் விருப்பம் யாருடையது என்ற கேள்வியோடு, ஓய்வு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது.

அப்படியானால் எல்லாரும் தனியாருக்குப் போங்கள் என்கிறேனா? அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாதவளா நான்? என் மாணவிகள் வாட்ஸாப்பில் அனுப்புகிற ஒலிப்பதிவுகளைக் கேட்பவள். 90 நாள் நோட்டீஸ், ‘பெஞ்ச்’ என்ற பெயரில் வேலை தராமல் உட்காரவைத்து மிரட்டுவது, மதிப்பீட்டு மாதத்தில் மகப்பேறு விடுப்பில் இருந்தவளுக்குக் கடைசி மதிப்பெண். 2015 ஜனவரியில் டி.சி.எஸ். நிறுவனத்தின் ஆட்குறைப்பில் சென்னையில் கர்ப்பிணி ஊழியர் ஒருவருக்கும் வேலைநீக்கக் கடிதம் வந்தது. அவர் உயர் நீதிமன்றம் போனார், இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் வேலைநீக்கத்தைத் திரும்பப் பெற்றது. ஒரு பெண் வழக்குப் போட்டதால் அவள் ஒருத்தி தப்பினாள். ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அவர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு தெளிவாகச் சொன்னது 2016இல்தான். அதுவும் நீதிமன்றம் கேட்டபிறகு.

மகப்பேற்றில் வித்தியாசம் இன்னும் கொடுமை. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத விடுப்பு. தனியாரில் 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அரசு ஊழியர் பெற்ற பிள்ளைக்கு ஓராண்டு அம்மா, தனியார் ஊழியர் பெற்ற பிள்ளைக்கு ஆறு மாத அம்மா. தாய்ப்பாலில் அரசுப் பால், தனியார்ப் பால் என்று உண்டா? அந்த 26 வாரச் சம்பளத்தை, ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் வாங்குபவர்களுக்கு, முதலாளியே முழுதாகத் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உடனே சின்ன நிறுவனங்கள் என்ன செய்யும்? கல்யாணம் எப்போது என்று நேர்காணலில் கேட்கும். பொது நிதியிலிருந்து கொடுத்திருக்க வேண்டிய செலவை முதலாளி தலையில் கட்டினார்கள். முதலாளி அதைப் பெண்ணின் தலைக்கு மாற்றிவிட்டார்.

இரவுப்பணியைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 2014இல் சிறுசேரியில் வேலை முடிந்து இரவில் வெளியே வந்த இளம்பெண்ணுக்கு நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. காணாமல் போன அவள் உடல் பல நாள் கழித்து அலுவலகத்துக்குப் பக்கத்துப் புதரிலேயே கிடைத்தது. அந்தக் கொலைக்குப் பிறகு எங்கள் ஊர் வீடுகளில் கேட்டது, ஏன் அந்தச் சாலையில் விளக்கில்லை என்பதில்லை, பெண்ணை ஏன் அங்கே அனுப்பினார்கள் என்பது. பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது என்ற சட்டப் பிரிவை 2000ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கூடவே போக்குவரத்து, துணை, ஓய்வறை என்று நிபந்தனைகளையும் போட்டது. உரிமையை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன, நிபந்தனைகளைச் சாலையில் விட்டுவிட்டன. அரசு மருத்துவமனையில் செவிலியர்கள் காலங்காலமாக இரவுப்பணி பார்க்கிறார்கள். அவர்களை வேலையை விடச் சொல்லி எந்த வீட்டிலும் கூட்டம் கூடுவதில்லை. அப்போது இருட்டு ஒரு பிரச்சினையாக இருப்பதில்லை.

ஆகவே தனியார் விடுதலை என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கத்து நண்பர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. தொழிற்சங்கத் தோழர்கள் சிலர், “இப்படி ஆளாளுக்கு ஓடினால் பொதுத்துறை என்ன ஆகும்?” என்கிறார்கள். பொதுத்துறை வேண்டும், அதற்காகக் கையெழுத்துப் போட்டவள்தான் நானும். ஆனால் பொதுத்துறையைக் காக்கும் பொறுப்பை முப்பத்திரண்டு வயது மருமகள் ஒருத்தியின் கழுத்தில் தாலியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அவள் வேலை ஒப்பந்தத்துக்குப் போனபோது அந்த அலுவலகச் சங்கம் எத்தனை நாள் வாயிற்கூட்டம் போட்டது? மறுபக்கம், நிறுவன மேடைகளில் மகளிர் தினத்துக்குப் பேசும் தோழிகள், “வசதி வட்டத்தை விட்டு வெளியே வாருங்கள்” என்கிறார்கள். காலை நாலரைக்கு எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டு, ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போகிறவளிடம் வசதி வட்டம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

ஸ்டெஃபனி ஷெர்லியைப் பற்றி மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வேன். 1939இல், ஐந்து வயதில், நாஜிகளிடமிருந்து தப்பிக் குழந்தைகளை ஏற்றிவந்த ரயிலில் இங்கிலாந்துக்கு வந்த யூதச் சிறுமி. வளர்ந்து, லண்டனில் அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அந்த நாட்டில் அது அரசின் தொழில்நுட்ப வேலை. கூட வேலை பார்த்தவரை 1959இல் மணந்தார். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதாகப் பார்க்கப்படவில்லை. விலகியவர் மனைவிதான். தனியார் கணினி நிறுவனத்துக்குப் போனார். அங்கேயும் பெண் என்பதால் பேச்சு எடுபடவில்லை. 1962இல் ஆறு பவுண்டு முதலில் சொந்த நிறுவனம் தொடங்கினார். குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களை வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதவைத்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். கான்கார்ட் விமானத்தின் பறத்தல் பதிவுப் பெட்டிக்கான நிரல் அந்தச் சமையலறை மேசைகளில் எழுதப்பட்டது. வணிகக் கடிதங்களில் ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரில் கையெழுத்திட்ட பிறகுதான் பதில் வரத் தொடங்கியது. 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததும் ஆண்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது வகுப்பு கைதட்டும்.

நான் கைதட்டச் சொல்வது வேறு ஒன்றுக்கு. அவர் அரசையும் விட்டார், தனியாரையும் விட்டார். இரண்டு முறையும் அது அவருடைய வேலையாக இருந்தது. ‘எங்கள் வேலையை எப்படி விட்டாய்’ என்று கேட்க அங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை.

நம்மிடம் அந்த வரிசை மிக நீளம். தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2022 குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் பெண்களே அதிகம். பொறியியல் முடித்த பெண்கள் இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வரை பயிற்சி மையத்தில் பொது அறிவு மனப்பாடம் செய்கிறார்கள். படித்த தொழில்நுட்பம் அந்த ஆறு வருடத்தில் இரண்டு தலைமுறை தாண்டிவிடுகிறது. “கெடைக்கற வரைக்கும் படிக்கட்டும், அதுக்குள்ள நல்ல எடம் வந்தா முடிச்சுப்போடலாம்” என்பது வீட்டின் திட்டம். அவளுக்கென்று ஒரு திட்டம் இருந்ததா என்று கேட்பதற்குள் பத்திரிகை அடித்துவிடுகிறார்கள்.

விடுவது என்று முடிவெடுத்தவள் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்த ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை. நகையின் எடையைக் குன்றிமணி அளவுக்குச் சொல்லும் வீடுகளுக்கு, ராஜினாமாவுக்கும் விருப்ப ஓய்வுக்கும் வேறுபாடு தெரியாது. பழைய மத்திய ஓய்வூதிய விதிகளின் கீழ் வருபவர் ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் முழுதும் கணக்கிலிருந்து போய்விடும். 20 ஆண்டு முடித்து, மூன்று மாத முன்னறிவிப்போடு விருப்ப ஓய்வு கேட்டால் போகாது. பத்தொன்பதாவது வருடத்தில் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு. 2004க்குப் பிறகு மத்திய அரசில் சேர்ந்தவர்களின் தேசிய ஓய்வூதியக் கணக்கு எண் அவர்களோடு கூடவே வரும், புதிய முதலாளியிடமும் தொடரலாம். நோட்டீஸ் காலம், பயிற்சிக்காகக் கொடுத்த உறுதிப்பத்திரம், துறை விசாரணை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பது, இவற்றைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. புதிய இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா, ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பயந்தால், அந்த வேலை எப்படிப்பட்டது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அரசிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. ஓர் அரசுத் துறையிலிருந்து இன்னோர் அரசுத் துறைக்குப் போகிறவருக்குப் பழைய பதவியில் சில காலம் உரிமை தொடரும், பிடிக்காவிட்டால் திரும்பலாம். தனியாருக்குப் போனவளுக்கு அந்த உரிமை இல்லை. திரும்ப வேண்டுமென்றால் மறுபடி தேர்வு, மறுபடி வயது வரம்பு. ஆனால் 2018 ஜூனில் மத்திய அரசு, தனியார் துறையில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று பத்து இணைச் செயலாளர் பதவிகளை நேரடியாக அறிவித்தது. தனியார் அனுபவம் அரசுக்குத் தேவை என்று காரணமும் சொன்னது. கோட்டையின் மேல்மாடியில் கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது. ஐந்து வருடம் வெளியே நிரல் எழுதிப் பழகிய ஒரு பெண், முப்பத்தெட்டு வயதில், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, ‘அந்தப் பில்லில் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் அந்த மென்பொருளை நானே எழுதித் தருகிறேன்’ என்று தன் பழைய அலுவலகத்துக்கு வந்து நின்றால், அவளுக்கு எந்தப் படிவம் இருக்கிறது?